தாங்கள் அனுப்பிய மெஷினைத் திருப்பி அனுப்புவது சம்பந்தமாக

தோட்டவெளி,
மன்னார்.
09.10.2016

மடு மாதா காவல்

என் அன்பு மைத்துனர் எட்வேட் அவர்களுக்கு,

தோட்டவெளியிலிருந்து உங்கள் அத்தான் அருட்பிரகாசம் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் சுகம், அவ்விடம் நீங்களும் பெற்றிசியாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன் என்று எழுதுவது முறை. முறைக்காக எழுதிவிட்டேன். இனி உள்ளதை எழுதுகிறேன். எனக்கு முழங்காலில் வீக்கம். வலது தோள் தூக்க முடியவில்லை. எனக்கு மிஞ்சியிருந்த நண்பர்கள் இரண்டு பேர். இருவரும் என்னோடு பேசுவதில்லை. பங்குத்தந்தை என்னைக் கண்டால் சிரிப்பை அடக்கிக்கொண்டு மற்றப் பக்கம் பார்க்கிறார். இவ்வளவுக்கும் காரணம் நீங்கள் இங்கிலாந்திலிருந்து அனுப்பிய அந்த மெஷின். கோபித்து எழுதவில்லை, தம்பி. உங்கள் அக்கா றஞ்சிதம் இருந்திருந்தால், "அவன் நல்லதுக்குத்தானே அனுப்பினவன்" என்று உங்களுக்காக என்னோடு வழக்காடியிருப்பார். அவர் இல்லாதபடியால் அந்த வழக்கையும் நானே உங்கள் பக்கம் பேசி முடித்துவிட்டு மேலே எழுதுகிறேன்.

தொலைபேசியில் சொல்லலாமே என்பீர்கள். போனமுறை எடுத்தபோது, "அத்தான், சுருக்கமாச் சொல்லுங்கோ, கோச்சிக்கு நிக்கிறன்" என்றீர்கள். முப்பத்தொரு வருடம் புகையிரதத்தில் கார்ட் வேலை பார்த்த என்னையே கோச்சியைக் காட்டி நிறுத்தினீர்கள். இது சுருக்கமாகச் சொல்லக்கூடிய விடயமல்ல. அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் கோச்சிக்குள் இருந்து வாசிக்கலாம்.

அக்காவின் ஆண்டுத் திருப்பலி முடிந்தும் நான் கதிரையை விட்டு எழும்புவதில்லை என்று யாரோ உங்களுக்கு அறிவித்திருக்கிறார்கள். அதன் பலனாகச் சாமான் பெட்டியில் சொக்கிலேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் இடையில் அந்த மெஷின் வந்து சேர்ந்தது. கூடவே உங்கள் கடிதம். ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்களும் மூன்று வெள்ளைக்கார நண்பர்களும் வயல்வெளிகளுக்குப் போவதாகவும், போத்தலில் தேத்தண்ணீர் கொண்டுபோவதாகவும், மண்ணுக்குள் பழைய பொத்தான்களும் நாணயங்களும் கிடைப்பதாகவும், போனமாதம் கிடைத்த ஒரு படைவீரனின் பொத்தான் இருநூறு வருடம் பழையது என்றும் எழுதியிருந்தீர்கள். "பெறுமதி ஒன்றுமில்லை அத்தான், ஆனால் மனம் லேசாகும்" என்று முடித்திருந்தீர்கள். அந்தக் கடைசி வரியை நம்பித்தான் நான் பெட்டியைப் பிரித்தேன்.

சித்திரை மாதக் கடைசியில் ஒரு காலை, கூட வந்த புத்தகத்தைப் பார்த்து மெஷினைப் பூட்டினேன். நீளத் தடி, அடியில் வட்டத் தட்டு, மண்ணுக்குள் உலோகம் கிடந்தால் சத்தம் கேட்கக் காதுக்கு இரண்டு மூடி. கோயிலுக்குப் பின்னாலுள்ள வெறுங்காணியில் இறங்கி, தட்டை மண்ணுக்கு மேலே இடமும் வலமும் ஆட்டியபடி, புத்தகத்தில் சொன்னதுபோல மெல்ல மெல்ல அடி வைத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகியிராது. தெருவில் போன ஒரு பெண் என்னைப் பார்த்தார், தலையிலிருந்த விறகைக் கீழே போட்டார், ஓடினார். தம்பி, இப்படி ஒரு தடியைப் பிடித்துக்கொண்டு இப்படி மெல்ல நடப்பவர்களை இந்த மாவட்டம் முன்பும் பார்த்திருக்கிறது. அவர்கள் கண்ணிவெடி அகற்ற வந்தவர்கள். அரை மணித்தியாலத்துக்குள் முன்பள்ளி மூடப்பட்டது. தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒழுங்கையில் ஆடு மாடுகள் மட்டும் நின்றன. பங்குத்தந்தை மதிலுக்கு அப்பால் நின்று, "ஐயா, அசையாதேங்கோ! நிண்ட இடத்திலை நில்லுங்கோ!" என்று இரண்டு கையையும் உயர்த்திக் கத்தியிருக்கிறார். காதில் மூடி கிடந்தபடியால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆசீர்வதிக்கிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்து சிலுவை அடையாளம் போட்டேன். அதைப் பார்த்துவிட்டு, நான் காலை வெடியில் வைத்துவிட்டேன், சாகப்போகிறேன் என்று இரண்டு பேர் அழத் தொடங்கிவிட்டார்களாம். அன்று நான் தோண்டி எடுத்தது ஒரு சோடா மூடி.

பின்னேரம் பொலிசார் வந்து, அனுமதிக் கடிதம் இல்லாமல் இதைத் தொடக்கூடாது என்று மரியாதையாகச் சொன்னார்கள். நான்கு கந்தோர், ஆறு கையொப்பம், பதினேழு நாள். கடைசிக் கந்தோரில் இருந்தவர், "இதாலை என்ன தேடப் போறியள் ஐயா?" என்று கேட்டார். "பழைய தெறி, அதுதான் பொத்தான்" என்றேன். "ஏன்?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் ஆயத்தமாகப் போகவில்லை. "மைத்துனர் சொன்னவர்" என்றேன். அவர் படிவத்தில் காரணம் என்ற கட்டத்துக்குள் "மைத்துனர்" என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தார். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

தனியே போகக்கூடாது, நண்பர்களோடு போனால்தான் மனம் லேசாகும் என்றும் எழுதியிருந்தீர்களே. ஒருவர் கதிர்காமு. மின்கம்பங்களில் ஏறிக் கம்பி பூட்டும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆறடிக்கு மேல் உயரம், சொந்தமாக ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வைத்திருக்கிறார். மின்சாரம் ஓடும் எந்தப் பொருளையும் தன்னைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்பது அவருடைய கொள்கை. ஆகவே மெஷினும் காதுமூடியும் அவரிடம் போய்விட்டன. அவருக்கு இடது காது அறவே கேட்காது, வலது காது பாதி கேட்கும் என்பதைச் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அதுவும் கேட்கவில்லை. மற்றவர் சனூன், மன்னார்க் கடைத்தெருவில் தையல்கடை வைத்திருப்பவர். தொண்ணூறாம் ஆண்டு இயக்கத்தார் முஸ்லிம் சனங்களை வெளியேறச் சொன்னபோது குடும்பத்தோடு புத்தளத்துக்குப் போய், இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்து அதே தெருவில் அதே தொழிலைத் தொடங்கியவர். பொத்தான் கிடைத்தால் எந்தக் காலத்தது என்று பார்த்துச் சொல்ல அவரைவிட ஆள் இல்லை.

பொத்தான்தான் கிடைக்கவில்லை. உங்கள் வயல்களில் அரசர்களின் தலை பொறித்த நாணயம் கிடக்கிறது. எங்கள் மண்ணில் நாங்கள் ஒன்றரை மாதம் எடுத்தவை சோடா மூடிகள், மீன்பேணிகள், கூரைத் தகரம், சைக்கிள் மிதிகட்டை ஒன்று, வெற்றுத் தோட்டாக்கள். தோட்டாக்கள் கிடைத்த இடத்தை அப்படியே மூடிவிட்டு வருவோம். போத்தலில் தேத்தண்ணீர் கொண்டுபோனோம். அது மட்டும் நீங்கள் சொன்னபடி நடந்தது. உண்மையைச் சொன்னால் அந்த நாட்களில் எனக்குக் கொஞ்சம் பசித்தது, சாப்பிட்டேன். ஆனால் ஊருக்குள் கதை பரவி, தோடு தொலைத்தவர்கள், பூட்டுத் திறப்பு தொலைத்தவர்கள் எல்லாம் வரத் தொடங்கினார்கள். ஒருநாள் பக்கத்து ஒழுங்கைச் செலீனா வந்தார்.

"ஐயா, இது வெள்ளிக்கும் சத்தம் போடுமோ?"

"போடும்."

"சின்னப் பதக்கம்தான். அந்தோனியார் பதக்கம்."

"எங்கை துலைச்சனீங்கள்?"

"நான் துலைக்கேல்லை ஐயா. மகன் கழுத்திலை போட்டிருந்தவன். ரெண்டாயிரத்து எட்டிலை ஆளைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள்தானே, திரும்பி வரேல்லை. எங்கை எண்டு தெரிஞ்சா நான் ஏன் உங்களட்டை வாறன்?"

தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு மெஷினைக் கழற்றி அலுமாரிக்கு மேலே போட்டேன். மூன்று கிழமை தொடவில்லை.

அந்த மூன்று கிழமை முடிவில் சனூன் வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "நீங்க எடுக்க ஏலாததக் கேட்டாங்க எண்டு மெஷினக் கழட்டி வச்சிட்டீங்க. எடுக்கக்கூடிய சாமான் ஒண்டு என்னட்ட இரிக்கி" என்றார்.

விடயம் இதுதான். சனூன் லாத்தா என்று கூப்பிடும் மூத்த சகோதரி ஆசியா உம்மா, வயது எழுபத்து நாலு. அந்தக் காலம் கணவர் அப்துல் றசாக்கோடு விடத்தல்தீவில் வாழ்ந்தவர். வெளியேறச் சொன்ன அன்று, வழியில் நகையைப் பறித்துவிடுவார்கள் என்று பயந்து, உம்மா பிள்ளைகளுக்கு உடுப்புக் கட்டிக்கொண்டிருக்க, றசாக் அவருடைய நகைகள் முழுவதையும் ஒரு தகரப்பேணியில் போட்டுக் குசினிக்குப் பின்னால் புதைத்திருக்கிறார். பதினொரு பவுண். பிறகு புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தபோதெல்லாம், "என்ட சாமான் பத்திரமா ஊர்ல இரிக்கி, என்ட மனிசன் வச்ச இடத்துல இரிக்கி" என்று சொல்லிச் சொல்லியே ஆசியா உம்மா தலை நிமிர்ந்து இருந்திருக்கிறார். றசாக் பத்து வருடத்துக்கு முன் புத்தளத்திலேயே மவுத்தாகிவிட்டார். போர் முடிந்து வந்து பார்த்தால் அடையாளத்துக்கு நின்ற முருங்கை மரம் இல்லை, வீட்டில் பாதிச் சுவர் இல்லை. நாலு இடத்தில் கிண்டிப் பார்த்துவிட்டு, சனம் பார்க்கிறது என்று விட்டுவிட்டார்களாம். இப்போது அவர் சனூனோடு மன்னாரில் இருக்கிறார்.

ஆவணி மாதம் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து ஒரு சனிக்கிழமையாகப் பார்த்து மூவரும் லான்ட்மாஸ்ரரில் புறப்பட்டோம். மன்னார்த் தாம்போதிப் பாலத்தைத் தாண்டி விடத்தல்தீவு போய்ச் சேர இரண்டரை மணித்தியாலம். என் முதுகெலும்பு எத்தனை துண்டு என்பதை அன்றுதான் எண்ணி அறிந்தேன். அந்த வீட்டில் இப்போது அன்ரோனெற் என்று ஒரு பெண் இருக்கிறார். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். போருக்குப் பிறகு தன் காணியில் ஒன்றும் மிஞ்சாதபடியால், ஆசியா உம்மாவிடம் கேட்டு, கூரையில்லாமல் நின்ற சுவர்களுக்குத் தகரம் போட்டு, பிள்ளைகளோடு இருந்து, நண்டு துப்புரவாக்கும் இடமொன்றில் வேலை செய்துவருகிறார். எங்களையும் மெஷினையும் மண்வெட்டியையும் அலவாங்கையும் கண்டதும் வாசலிலேயே நின்றார்.

"வாங்கோ ஐயாமார். எப்ப எழும்ப வேணும்?"

"எங்கையிருந்து எழும்ப?" என்றேன்.

"வீட்டை விட்டுத்தான். அளக்கத்தானே வந்தனீங்கள்?"

அளக்க வரவில்லை, உம்மாவின் சாமான் ஒன்று மண்ணுக்குள் கிடக்கிறது, அதை எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று சனூன் சொல்லியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. றசாக் தன் காலால் ஏழு அடி அளந்து புதைத்ததாகக் கதை. றசாக் உயரமானவர் என்பதால் கதிர்காமுவை நடக்கவிட்டோம். எந்தச் சுவரிலிருந்து நடப்பது என்று தெரியாமல் மூன்று சுவரிலிருந்தும் நடந்தார். ஆணி, கதவுப் பிணைச்சல், கத்தியின் பிடி என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் மெஷின் விடாமல் கத்தியது அன்ரோனெற் புதிதாக இறக்கியிருந்த குசினிக்குள். சரியாக அடுப்புக்குக் கீழே. அடுப்பில் நண்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"அடுப்பை உடைச்சா நான் எதிலை சோறு வைக்கிறது?" என்று அன்ரோனெற் கேட்டார். சீமெந்தில் புது அடுப்புக் கட்டித் தருவோம் என்று கதிர்காமு மாதாவின் பேரில் சத்தியம் பண்ணினார், அவர் சைவக்காரர். அன்ரோனெற் குழம்பை இறக்கினார், நெருப்புக்குத் தண்ணீர் தெளித்தார். "ஒரு மணித்தியாலம். அதுக்குள்ளை முடியுங்கோ. நான் கடைக்குப் போட்டு வாறன். இருக்கிற வீட்டை இடிக்கிறதை நிண்டு பாக்க எனக்கு ஏலாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு கை ஆழத்தில் பேணி இருந்தது. துரு பிடித்திருந்தது, ஆனால் மூடி இறுகக் கிடந்தது. சனூன் "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி அலவாங்கு நுனியால் மூடியை நெம்பினார். உள்ளே ஒரு சாரத் துண்டு. துண்டுக்குள் இரண்டு கை நிறையப் பழைய சதக்காசு. சதுர ஐந்து சதம், பூவிளிம்பு இரண்டு சதம். அவற்றோடு பித்தளைப் பொத்தான்கள், இரண்டு டசின். வேறு ஒன்றும் இல்லை. சாரத்தை உதறிப் பார்த்தோம். இல்லை.

தம்பி, அந்தப் பொத்தான்களை நான் பார்த்த உடனே அறிந்தேன். எண்பத்தொன்பதாம் ஆண்டு கோச்சிக் கந்தோரில் எனக்குப் புதுச் சீருடைக்குத் துணியும் பித்தளைப் பொத்தானும் தந்தார்கள். தைக்கச் சொல்லிச் சனூனிடம் கொடுத்தேன். சட்டை வந்தது, பொத்தான் வரவில்லை. காணாமற் போய்விட்டது என்று கறுப்புப் பிளாஸ்ரிக் பொத்தான் வைத்துத் தந்தார். அதற்காக மேலதிகாரி எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். சனூன் அவற்றை விற்றுவிட்டார் என்று இருபத்தேழு வருடம் மனதுக்குள் வைத்திருந்தேன். அவர் திரும்பி வந்தபின் அவருடைய தேத்தண்ணீரைக் குடித்தபடியே வைத்திருந்தேன். அவரோ அந்தக் குழியின் ஓரத்தில் மண்ணில் இருந்து, "றசாக் மச்சான் அப்ப கடைக்கு வந்து போறவர். அவர்தான் எடுத்திரிக்கார்" என்றார். சாரத் துண்டை மடித்தபடி, "நகைய வித்திட்டார். எதுக்கு எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். லாத்தா தூக்கிப் பாத்தா பாரமா இரிக்கோணும் எண்டு இதப் போட்டு மூடியிரிக்கார்" என்றார். பிறகு அழுதார். கதிர்காமு காதுமூடியைக் கழற்றாமலே அவர் முதுகைத் தடவினார்.

"லாத்தாட்ட இதச் சொல்ல ஏலாது" என்றார் சனூன். "அவ இவ்வளவு காலம் உசிரோட இரிக்கிறது அந்த மனிசன்ட சொல்லுலதான். வெறும் பேணி எண்டு சொல்லுவம். ஆரோ எடுத்திட்டாங்க. யுத்தம் நடந்த ஊர். ஆரு எண்டு ஆரும் கேக்க மாட்டாங்க." எனக்கும் அது நியாயமாகப் பட்டது. யுத்தத்தின் தலையில் எதைப் போட்டாலும் அது வந்து மறுத்துப் பேசப் போவதில்லை. பேணியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு, குழியை மூடிவிட்டு, அன்ரோனெற் வரும்போது "ஒண்டும் கிடைக்கேல்லை பிள்ளை" என்று சொல்லிவிட்டு வந்தோம். பாவசங்கீர்த்தனத்தில், "சுவாமி, ஒரு பேணியை வெறும் பேணி என்று பொய் சொன்னேன்" என்றேன். "உள்ளே என்ன இருந்தது?" என்று சுவாமி கேட்டார். "என்னுடைய பொத்தான்" என்றேன். திரைக்கு அந்தப் பக்கம் நெடுநேரம் இருமல் கேட்டது.

யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தோம். ஆசியா உம்மா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டார்: "அந்த அடுப்ப ஆரு கட்டின?" அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. சரியாகச் சாமான் கிடந்த இடத்தின் மேலே அடுப்புக் கட்டியவள் அதைக் காணாமலா கட்டினாள்? தைமாதம் அவள் மகளின் கலியாணத்தில் பெண்ணின் கழுத்தில் கிடந்த அட்டியல் எங்கிருந்து வந்தது? பள்ளிவாசல் பெரியவர்கள் வந்தார்கள், இந்தப் பக்கம் கோயில் ஆட்கள் வந்தார்கள், பொலிசில் முறைப்பாடு போனது. விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று நண்டு துப்புரவாக்கும் இடத்தில் அன்ரோனெற்றை நிறுத்திவிட்டார்கள். வீட்டைவிட்டு எழும்பும்படி அறிவித்தாயிற்று. இரண்டு சனமும் ஒன்றையொன்று பார்க்கும் பார்வை மாறியது. எல்லாம் ஒரு வெறும் பேணியால். அது வெறும் பேணியும் இல்லை.

புரட்டாதி நடுவில் அன்ரோனெற் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

"ஐயா, பேணி பூட்டிக் கிடந்ததோ, திறந்து கிடந்ததோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

"பூட்டித்தான் கிடந்தது."

"அப்ப பூட்டின பேணிக்குள்ளையிருந்து நான் எப்பிடி எடுத்தனான்?"

அவர் குரலைத் தாழ்த்தி, "மகளின்ரை கழுத்திலை கிடந்தது கவரிங் ஐயா. அதைச் சொல்லித் தப்பலாம். சொன்னா மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிஞ்சுபோம். கள்ளி எண்டு பேர் எடுத்தா எனக்கு மட்டும்தானே எண்டு பேசாமல் இருக்கிறன்" என்றார். அன்று இரவு நான் நித்திரை கொள்ளவில்லை என்று எழுதினால் வழக்கமாக எழுதுவது போலிருக்கும். இருந்தாலும் உண்மை.

மறுநாள் கதிர்காமுவையும் கூட்டிக்கொண்டு சனூனின் கடைக்குப் போனேன். உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும், ஒரு குற்றமும் செய்யாத ஒருத்தியைக் கள்ளி ஆக்கிவிட்டோம், உம்மைக்கூட நான் இருபத்தேழு வருடம் கள்ளன் என்று நினைத்திருந்தேன், அது எவ்வளவு பிழை என்று இப்போது தெரிகிறது என்றேன். சனூன் வெட்டிக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "என்னயா, கள்ளன் எண்டா?" என்றார். பிறகு உள்பக்கத் திரையைக் காட்டி, "லாத்தா சோறு கொண்டுவந்து உள்ளதான் இரிக்கா, மெதுவாப் பேசுங்க" என்று உதட்டால் சொன்னார். கதிர்காமு தலையை ஆட்டிவிட்டு, அவருக்கு மெதுவென்று தெரிந்த குரலில், கடைத்தெரு முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்:

"அப்ப அந்தப் பேணிக்குள்ளை கிடந்த தெறியெல்லாத்தையும் எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறீர் சனூன்?"

திரை விலகியது. ஆசியா உம்மா கையில் சோற்றுக் கோப்பையோடு நின்றார். "என்ன தெறி?" என்றார். சனூன் தையல் மெஷினைப் பார்த்தார். கதிர்காமு கேட்காத காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார். ஆக, மிஞ்சியது நான். "உம்மா, பேணி வெறுமையில்லை" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

பேணியைக் கொண்டுவரச் சொன்னார். பொத்தான்களை மடியில் கொட்டி, ஒன்றை எடுத்து முந்தானையால் துடைத்துப் பார்த்தார். கணவரைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. தம்பியைப் பார்த்து, "ஒரு பொம்புளய என்ட வாயால கள்ளி எண்டு சொல்ல வச்சிட்டாய்" என்று மட்டும் சொன்னார். அன்றே முறைப்பாட்டைத் திரும்ப எடுத்தார். அடுத்தநாள் விடத்தல்தீவுக்குப் போனார், நானும் போனேன். அன்ரோனெற் கதவைத் திறக்க நேரமெடுத்தது. திறந்து, மன்னிப்பெல்லாம் வேண்டாம், எழும்பச் சொல்லமாட்டேன் என்று ஒரு எழுத்துத் தாருங்கள் என்றார். ஆசியா உம்மா தான் உயிரோடிருக்கும்வரை எழும்பச் சொல்லமாட்டேன் என்று என்னை எழுதச் சொல்லிக் கைவிரல் வைத்துக் கொடுத்தார். வேலைக்கும் திரும்ப எடுத்துவிட்டார்கள். சத்தியம் பண்ணியபடி கதிர்காமுவும் நானும் சீமெந்து அடுப்புக் கட்டிக் கொடுத்தோம். என் தோளும் முழங்காலும் போனது அங்கேதான்.

இப்போது நிலைமை என்னவென்றால், தன்னைக் கள்ளன் என்று நினைத்திருந்ததற்காகச் சனூன் என்னோடு பேசுவதில்லை. கடைத்தெருவில் கத்தியதற்காக நான் ஏசிவிட்டேன் என்று கதிர்காமுவும் பேசுவதில்லை. ஆசியா உம்மா வீட்டை விட்டு வெளியே வருவதில்லையாம்; ஒரு மனிதனோடு நாற்பது வருடம் வாழ்ந்ததைத் திரும்ப முதலிலிருந்து யோசிக்கிறாரோ என்னவோ. என்னுடைய இருபத்து நான்கு பொத்தான்களும் எனக்கு வந்து சேர்ந்துவிட்டன. தைக்கச் சீருடை இல்லை. மாலையில் கதிரையைக் கொண்டுவந்து வாசலில் போட்டு இருக்கிறேன். போன வருடம் இருந்த அதே கதிரை, அதே வாசல். அன்றைக்கு இல்லாமற் போனது ஒருவர். இப்போது கணக்குக் கூடிவிட்டது.

ஆகவே, தம்பி, தாங்கள் அன்போடு அனுப்பிய மெஷினைப் பழையபடி பெட்டியில் அடைத்து, கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். கொழும்புக்குப் போகிற யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் மண்ணில் நீங்கள் தேடுங்கள். உங்கள் மண்ணில் கிடப்பவர்கள் செத்து இருநூறு வருடம். அவர்களைப் பற்றி எது தெரியவந்தாலும் நோக ஆளில்லை. இங்கே இன்னும் எல்லோரும் இருக்கிறோம். இனி என் சாவுவரை ஒரு ஊசியைக்கூட நான் மண்ணுக்குள் தேடப்போவதில்லை என்று அக்காவின் படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டேன். மறுமொழி எழுதி என்னை மாற்ற முயலவேண்டாம்.

பெற்றிசியாவுக்கு என் அன்பு. பிள்ளைகள் தமிழ் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினாலும் நல்லது, காட்டாவிட்டாலும் நல்லது. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். மாதா உங்கள் வீட்டுக் கூரையையும், அதற்குள் படுக்கிறவர்களையும், விடிய எழும்பி வேலைக்குப் போகிற வழியையும் காப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்,
ம. அருட்பிரகாசம்
(ஓய்வுபெற்ற கோச்சிக் கார்ட்)

பி.கு. 13.10.2016. முத்திரை வாங்கப் போகாமல் நாலு நாள் கடிதம் மேசையில் கிடந்துவிட்டது. இன்று காலை ஏழு மணிக்குக் கேற் அடித்தது. திறந்தால் ஆசியா உம்மா. அவருக்குப் பின்னால், பள்ளிக்கூடத்துக்கு இழுத்துவரப்பட்டவர் மாதிரிச் சனூன். ஒழுங்கையில் லான்ட்மாஸ்ரர், அதன்மேல் வேறெங்கோ பார்த்தபடி கதிர்காமு. "உள்ள வரேல்ல, ஒரு கேள்விதான்" என்றார் ஆசியா உம்மா. "பேணிய எடுத்த பொறகு அந்தக் குழிக்குள்ள மெஷின வச்சுப் பாத்தீங்களா?" நாங்கள் மூவரும் பேச்சில்லாமல் இருந்ததை மறந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பார்க்கவில்லை. பொத்தானைக் கண்டதும் குழியை மூடிவிட்டோம். "அந்த மனிசன் ஒரு நொண்டி ஆட்டக்கூட விக்க மனமில்லாம செத்தவர். அவரா என்ட நகைய விக்கிற? கள்ளன் கிண்டினா மேல கிடக்கிற பேணிய எடுத்துக்கொண்டு ஓடிடுவான். அவர் கீழ வச்சிரிக்கார். என்னட்டச் சொன்னா நான் ஊரெல்லாம் சொல்லிடுவன் எண்டு சொல்லாம விட்டிரிக்கார்." பிறகு சொன்னார்: "கடைசில பேச்சு நிண்டு ஒரு மாசம் கிடந்தார். என்னக் கண்டா ரெண்டு விரலக் காட்டுவார். ரெண்டு புள்ளைகளையும் கேக்கிறார் எண்டு கூப்பிட்டு நிப்பாட்டுவன். தலைய ஆட்டி ஆட்டி அழுவார். நாலு நாளா யோசிச்சன். அவர் புள்ளைகளக் கேக்கேல்ல. பேணி ரெண்டு எண்டிரிக்கார்."

இது உண்மையோ, அவர் தன் மனதுக்குச் சொல்லிக்கொள்வதோ எனக்குத் தெரியாது. கீழே ஒன்றும் இல்லாவிட்டால் அந்த மனிசியை எப்படிக் கூட்டிவருவது என்றும் தெரியாது. அன்ரோனெற்றுக்குத் தொலைபேசி எடுத்து, புது அடுப்பை உடைக்கவேண்டி வரும் என்று நான்தான் சொன்னேன். சீமெந்து இறுகி இன்னும் இரண்டு கிழமைகூட ஆகவில்லை. எத்தனை மணிக்கு என்று கேட்டார். பிறகு, "வாங்கோ ஐயா" என்றார். "ஆனா இந்தமுறை நான் கடைக்குப் போகமாட்டன். பக்கத்திலை நிண்டு பாப்பன்."

பெட்டியைக் கட்டிய கயிற்றைச் சனூன் தன் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருக்கிறார். மேலே எழுதியதை வாசித்ததாக வைத்துக்கொள்ளவேண்டாம்.